ஆவி பிடித்தவர்கள் கை தூக்கவும்

வகுப்புக்குள் நுழைந்ததும் மேரிராணி செய்யும் முதல் வேலை வாத்தியாரை வெளியே அனுப்புவது. "கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்று நேராகச் சொல்லிவிட மாட்டார். "சார், ஒங்களுக்கு டீ வந்துருச்சாம், ஆறிப்போயிரும்" என்பார். டீ எங்கும் வந்திருக்காது. வாத்தியார் வராந்தாவில் கால் வைத்தாரோ இல்லையோ, கதவைச் சாத்திவிடுவார். அடுத்தது ஜன்னல். வெளியே வேப்பமரத்தடியில் பி.டி. மாஸ்டர் யாராவது மரத்தை ஆராய்வதுபோல் நின்றுகொண்டிருந்தால், அவருக்கும் டீ வந்துவிடும்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்புவார். "ஏலே, ஏட்டி, எல்லாரும் இங்கன பாருங்க. நான் போலீசு இல்ல. டீச்சரும் இல்ல. ஒங்க அம்மைக்குச் சொந்தக்காரியும் இல்ல. நீங்க பீடி குடிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், குடிக்காட்டாலும் ஒண்ணுதான். உள்ளத உள்ளபடி எழுதுனாப் போதும். எழுதுனது யாருன்னு எனக்கே தெரியாது. எனக்கே தெரியாதத நான் யாருட்டப் போய்ச் சொல்ல?"

இந்தக் கடைசிப் பேச்சுக்கு மட்டும் குரல் சற்று இறங்கும். மற்றதெல்லாம் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போனவை. இதை மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாகச் சத்தியம் செய்கிற மாதிரிதான் சொல்கிறார்.

மேரிராணிக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிறந்தது காமநாயக்கன்பட்டி, வாழ்க்கைப்பட்டது கோவில்பட்டி. மதுரையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறார். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகள் பீடி, சிகரெட், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம், இப்போது புதிதாக முளைத்திருக்கும் வேப் எனும் மின்சிகரெட் என்று எதைத் தொட்டிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று எழுதி வாங்கி மதுரைக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்குக் கழுகுமலை என்றால் நாளைக்குக் கயத்தாறு, அப்புறம் விளாத்திகுளம். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பீடி டீச்சர்'. அவருக்கும் தெரியும். "நல்லவேள, பீடியோட விட்டானுவ" என்பார்.

வாகனம் ஒரு பழைய ஸ்கூட்டி. அதன் சீட்டுக்கடியில் ரெயின்கோட் இருக்கிறதோ இல்லையோ, ஒரு தோசைக்கரண்டி கட்டாயம் இருக்கும். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, அப்பி, கடைசியில் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிடும். மேரிராணி வண்டியை ஓரங்கட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியை விட்டு மண்ணை வழித்து எறிவார். "வீட்லயும் இதே கரண்டிதானா?" என்று ஒரு வாத்தியார் கிண்டலாகக் கேட்டதற்கு, "ஏன், சாப்பிட வாரீங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் மேரிராணி வந்தாலே, சொல்லாமலே டீ குடிக்கப் போய்விடுகிறார்.

தாள் கொடுக்கும்போது ஒரு விதி சொல்வார். பேரு எழுதக் கூடாது, ஊரு எழுதக் கூடாது, சாமியும் எழுதக் கூடாது. இந்த மூன்றாவதைக் கேட்டுப் புதிதாக வந்த பிள்ளைகள் முழிக்கும். பரீட்சைத் தாளைப் போல ஒன்றைக் கண்டால் நம் பிள்ளைகளுக்குக் கை தானாகப் போய் உச்சியில் ஒரு 'உ' போடும். சிலுவை போடுகிற பிள்ளை சிலுவை போடும். 786 எழுதுகிற பிள்ளை அதை எழுதும். ஒரு வகுப்பில் சிலுவை போடும் பிள்ளை ஒன்றே ஒன்று என்று வையுங்கள், பெயர் எழுதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? "சாமிக்கு இதுல வேல இல்ல. அவருக்கு முன்னாலயே தெரியும்" என்பார் மேரிராணி. அவ்வளவு சொல்லியும் ஏதாவது ஒரு கை 'உ' போட்டுவிடும். பழக்கம் லேசில் விடாது. அதைப் பற்றித்தானே கேள்வித்தாளே!

எழுத ஆரம்பித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். யார் பேனா தயங்குகிறது, யார் அடுத்தவன் தாளை எட்டிப் பார்க்கிறான், யார் முகம் கறுக்கிறது என்று எதையும் பார்ப்பதில்லை. முந்தின பாடவேளையில் பலகையில் எழுதிப் போட்டிருப்பதை வாசித்துக்கொண்டு நிற்பார். இந்தப் புண்ணியத்தில் அவருக்கு ஒளிச்சேர்க்கை முதல் பாதி தெரியும். முதலாம் உலகப்போர் எதனால் தொடங்கியது என்று தெரியும். எப்படி முடிந்தது என்று கேட்டால் தெரியாது. "அதுக்குள்ள மணி அடிச்சிருது, என்ன செய்ய?" என்பார்.

தாள்களை வாங்கியதும் பிள்ளைகள் கண்முன்னாலேயே ரம்மிக்குச் சீட்டுக் குலைப்பதுபோல் குலைப்பார். பெரிய காக்கிக் கவரில் போட்டு ஒட்டுவார். சின்ன வயதில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய விரல்கள் அவை; ஒரு இழுப்பில் பசை ஓரம்வரை பரவி நிற்கும். ஒட்டிய கவரைப் பையில் போட மாட்டார். எங்கே உட்கார்ந்தாலும் கவரைப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். ஸ்கூட்டியில், புரோட்டாக் கடை ஸ்டூலில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எங்கும் அப்படியே. "கவரெல்லாம் ஏங்க்கா இப்படிக் கசங்கி வருது?" என்று மதுரை ஆபீசில் ஹரிகிருஷ்ணன் கேட்காத மாதம் இல்லை. கேள்வித்தாள் தயாரிப்பதும் கணக்குப் பார்ப்பதும் அந்தப் பையன்தான். "கசங்குனாலும் கலையலல்லா தம்பி" என்பதோடு மேரிராணி முடித்துக்கொள்வார்.

அடுத்தவர் விஷயம் தெரிந்தும் தெரியாதமாதிரி இருப்பதில் அவருக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி. கணவர் நேசமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று பீடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். மகள் கல்யாணமாகித் தூத்துக்குடி போய்விட்டாள். நேசமணி இன்றைக்கும் சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது வாயில் பெப்பர்மின்ட் போட்டுக்கொண்டுதான் வருகிறார். மேரிராணி கேட்கிற ஒரே கேள்வி, "மிட்டாய் நல்லாருக்கா?" நேசமணி தலையாட்டுவார். பக்கத்து வீட்டு மாரித்தாய் ஒருநாள் பொறுக்க முடியாமல், ஊரெல்லாம் கேட்கிறவள் வீட்டில் கேட்க மாட்டாயா என்று கேட்டே விட்டாள். "எங்க வீட்ல நான் சர்வே எடுக்கல மதினி. எடுத்தா அவியளும் பேரு எழுதாமத்தான் எழுதணும். ஒத்தத் தாளுல என்னத்தக் குலைக்க?" என்றார்.

முதன்முதலில் மதுரைப் பயிற்சியில் வேப் கருவியின் படத்தைத் திரையில் காட்டியபோது, அது உதட்டுச் சாயம் என்றுதான் நினைத்தார். விற்கவே கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். இருந்தும் எங்கிருந்தோ வருகிறதாம். பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி எல்லாம் இருக்கிறதாம். உள்ளே இழுத்துவிட்டால் பழவாசனை அடிக்குமாம். "அடப்பாவியளா! வீட்ல வச்சு இழுத்தாக்கூட பிள்ள ஆப்பிள் திங்கான்னுல்லா அம்மைக்காரி நெனச்சுக்கிடுவா" என்று அவர் போட்ட சத்தத்தில் பயிற்சி வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் பிள்ளைகள் கையில் கொழுத்த பேனா எதைப் பார்த்தாலும் அவருக்கு உறுத்தலாகவே இருந்தது.

இந்த வருஷம் அந்த வேப்தான் வினையாக வந்தது.

ஐப்பசி பிறந்ததிலிருந்து அடைமழை. சீமைக்கருவேலங்காட்டுப் பாதையெல்லாம் களியாகக் கிடந்தது. ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எட்டையபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற ரோட்டில் ஒரு மேல்நிலைப்பள்ளி. இந்த வருஷத்து வேலையை மேரிராணி அங்கே ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினார். கேள்வித்தாள் புதிது. வேப் என்ற ஆங்கிலச் சொல் கூடாது, நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று மதுரையில் கூடிப் பேசி மாற்றியிருந்தார்கள். வேப் என்றால் ஆவி. ஆகவே கேள்வி இப்படி வந்திருந்தது: "கடந்த முப்பது நாட்களில் நீங்கள் ஆவி பிடித்தது உண்டா? எங்கே, யாருடன்?"

மேரிராணி இதை வாசித்தார். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு தடவை வாசித்தார். 'இந்த வருசம் சளி, இருமலப் பத்தியும் கேக்காவ போல, நல்ல விசயந்தான்' என்று நினைத்தார். வேப்பைக் காணோமே என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது வேண்டாமென்று எடுத்துவிட்டார்களாக்கும் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். முந்தின நாள் அவரே தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெந்நீர்ச் சட்டிமேல் கவிழ்ந்து கிடந்தவர்தான். எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை நடுவில் எழுந்து, "டீச்சர், நொச்சி எல போட்டுப் பிடிச்சதும் சேத்தியா?" என்று கேட்டது. கேள்விக்கு விளக்கம் சொல்லக் கூடாதென்பது மதுரை உத்தரவு. "உள்ளத எழுது தாயி" என்று பலகையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார் மேரிராணி.

கவர் மதுரை போய்ச் சேர்ந்த அன்றே ஹரிகிருஷ்ணனிடமிருந்து போன். "அக்கா! ஒன்பதாப்புல முக்காவாசிக்கு மேல வேப் அடிக்குதுங்கக்கா! வீட்லயே அடிக்குதுங்க! யாருகூடன்னு கேட்டா அம்மாகூடன்னு எழுதியிருக்குதுங்க! நொச்சி, மஞ்சள்னு ஃப்ளேவர் வேற! இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததில்லக்கா!" குரலில் கவலையைவிடக் குதூகலம்தான் அதிகமாக இருந்தது. விஷயம் பெரிது, உடனே பள்ளிக்குத் தெரிவிப்பதே முறை என்று தலைமையாசிரியைக்கும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தான்.

தலைமையாசிரியை பிரேமலதா சும்மா இருக்கிற ஆளில்லை. அடுத்த மணி அடிக்குமுன் ஒன்பதாம் வகுப்புப் பைகள் அத்தனையும் அவர் மேஜைமேல் கொட்டப்பட்டன. மூக்கில் வைத்து உறிஞ்சுகிற தைலக்குழாய்கள் குவியலாக வந்து விழுந்தன. சின்னதாக, உருண்டையாக, ஒரு முனையில் ஓட்டையோடு, திறந்தால் குப்பென்று வாசனையோடு இருந்தன. வேப் எப்படி இருக்கும் என்று செல்போனில் பார்த்துக்கொண்டார், அப்படியேதான் இருந்தது. அத்தனையையும் பறிமுதல் செய்து டிராயரில் பூட்டினார். பிறகு மேரிராணிக்குப் போன் போட்டார்.

"அந்தப் பேப்பரையெல்லாம் எடுத்துட்டு நாளைக்குக் காலைல எங்கிட்ட வந்து நிக்கணும். எம்பிள்ளைய கையெழுத்து எனக்குத் தெரியும். எவன் எவன்னு பாத்து டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்துருதேன். இது ஆகாதுன்னா இனிமே சர்வே கிர்வேன்னு இந்தப் பக்கமே வந்துராத."

ஹரிகிருஷ்ணனும் அதையே வேறு விதமாகச் சொன்னான். தாள்களைக் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறானாம். தலைமையாசிரியை கேட்டால் காட்டிவிடுவது நல்லதாம். "ஒரு ஸ்கூல் முறுக்கிக்கிட்டா பக்கத்து ஸ்கூலும் முறுக்கிக்கும்க்கா. அந்த ஏரியாவே போச்சுன்னா அப்புறம் ஒங்கள வச்சு நாங்க என்ன பண்றது?" மரியாதையாகத்தான் கேட்டான். வேலை போய்விடும் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மறுநாள் போக முடியவில்லை, கவர் வரவில்லை என்று சொல்லித் தவணை வாங்கிக்கொண்டார். கவர் வந்த அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, வாங்கிய தாளைத் தானே பிரித்துப் படித்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. படிக்கப் படிக்கச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. 'எங்கே, யாருடன்' என்ற இடத்தில் பிள்ளைகள் விலாவாரியாக எழுதியிருந்தன. 'அடுப்படியில். அம்மாவுடன். நொச்சியும் மஞ்சளும் போட்டு.' 'கட்டிலுக்கு அடியில், தம்பியுடன், ஒரே போர்வை.' 'பிடிக்க மாட்டேன் என்றேன், அப்பா அமுக்கிப் பிடித்துவிட்டார்.' மேரிராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்து ஹரிகிருஷ்ணனிடம், "ஏ தம்பி, நீ வாழ்க்கையில சளி பிடிச்சுப் படுத்ததே இல்லியா?" என்றார். விஷயம் விளங்கியதும் அந்தப் பக்கம் அவன் கேள்வியை வாய்விட்டு வாசிப்பது கேட்டது. அப்புறம், "ஐயய்யோ" என்றான். அதற்கப்புறம் உற்சாகமாக, "அப்ப சுலபமாப் போச்சுக்கா! பேப்பரக் காட்டுங்க. நொச்சி, மஞ்சள்னு எழுதியிருக்குல்ல, பாத்தாலே அந்தம்மாவுக்குப் புரிஞ்சிரும்" என்றான்.

சுலபம்தான். மேரிராணியும் அப்படித்தான் நினைத்தார், அடுத்த தாளைத் திருப்பும்வரை.

ஆவிக் கேள்வி ஒன்றுதானா தாளில்? புகையிலைக் கேள்விகளும் இருந்தனவே. அங்கே நாலைந்து பிள்ளைகள் 'ஆம்' என்று குறித்திருந்தன. அது தப்பர்த்தம் இல்லை, நிஜம். அதில் ஒரு தாளின் உச்சியில், சொல்லியும் கேட்காத கை போட்ட ஒரு 'உ'. அடியில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: 'பொட்டலம் வைக்கேன். விடணும்னுதான் இருக்கு. முடியல. யாருட்டச் சொல்ல?'

மேரிராணி அந்தத் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். ஆவியை விளக்கத் தாளைக் காட்டினால் இதையும் காட்டியாக வேண்டும். பிரேமலதாவுக்கு அந்தச் சாய்ந்த எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. உள்ளதை உள்ளபடி எழுது என்று சொன்னவர் இவர். அதை நம்பி எழுதியது அந்தப் பிள்ளை.

நேசமணி பெப்பர்மின்ட்டோடு வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "அந்த நாலஞ்ச மட்டும் உருவிட்டு மிச்சத்தக் காட்டேன்" என்றார்.

"வகுப்புல எத்தன பிள்ளைய, தாளு எத்தனன்னு எண்ணாம விடுவாவளா? காணலன்னா அதுலதான் என்னவோ இருக்குன்னு இன்னும் குடைவாவ. அதுபோக, மத்த பிள்ளையட்டயும் நான் அதே வார்த்தையத்தான சொல்லிருக்கேன்? அவுக அம்ம அடுப்படியில என்ன செஞ்சான்னு நான் ஏன் காட்டணும்?"

நேசமணி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். "யாருட்டயும் சொல்ல மாட்டேன்னா சொல்லத்தான் கூடாது மேரி" என்றார். அதை அவர் யாருக்காகச் சொன்னார் என்பது இருவருக்குமே தெரியும். மேரிராணி பசையைக் காய்ச்சிக் கவரைத் திரும்ப ஒட்டினார்.

காலையில் பாதி வழியில் சக்கரம் நின்றுபோய், கரண்டியால் மண்ணை வழித்து, முழங்கால்வரை சேறோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். பிரேமலதா மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. "வா பேரிராடி. பேப்பர் எங்க?" என்றார். கோபத்தில் வாய் குழறவில்லை. சளியில் மூக்கு அப்படி அடைத்திருந்தது.

"இருக்கு டீச்சர்" என்று கக்கத்திலிருந்த கவரைத் தொட்டுக் காட்டினார் மேரிராணி. "மொதல்ல ஒன்பதாப்புக்கு வாங்க. பிள்ளையட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஒங்க முன்னாலதான் கேப்பேன்."

மேரிராணி ஒரு வகுப்புக்குள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு நுழைந்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் எழுந்து நின்றன. பைகளைக் கொட்டிய நாளிலிருந்து அந்த வகுப்பில் பேச்சுச் சத்தமே இல்லையாம். அத்தனை முகமும் அவரைத்தான் பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. நொச்சி இலைப் பிள்ளை வெடுக்கென்று, "யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னிய?" என்று கேட்டுவிட்டது. பிரேமலதா அதட்ட வாயைத் திறந்தார். மேரிராணி முந்திக்கொண்டார்.

"நாந்தான் சொன்னேன். இப்பமும் அதேதான். ஒட்டுன கவரு, இங்கன யாரும் பாக்கல, பாக்கப்போறதும் இல்ல." கவரைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் பிரேமலதாவின் பார்வை கன்னத்தில் சுட்டது. "இப்ப நான் கேக்கது வேற. வாயாலயே கேக்கேன், கையாலயே சொல்லுங்க. இந்த மழைக்குச் சளி பிடிச்சு, வீட்ல வெந்நி வச்சு, போர்வையப் போத்தி, ஆவி பிடிச்சவிய எல்லாரும் கையத் தூக்குங்க."

வகுப்பு ஒன்றுக்கொன்று முகம் பார்த்துக்கொண்டது. இது எதில் கொண்டுபோய் மாட்டிவிடுமோ என்று பயம். முதலில் நொச்சி இலைதான் தூக்கியது. பிறகு பின்பெஞ்சில் ஒரு கை. அப்புறம் சடசடவென்று வகுப்பு முழுக்கக் கையாக நின்றது.

"இதத்தான் டீச்சர் தாள்ல கேட்டுருக்காவ. 'ஆவி பிடித்தது உண்டா?' அப்படின்னு. அதுக்குத்தான் இதுக எழுதியிருக்குதுக, அம்மாகூடன்னு."

பிரேமலதா தூக்கிய கைகளை ஒருமுறை பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்குகிற நேரம் பார்த்துத் தும்மல் ஒன்று கிளம்பியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"டீச்சர், நீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மேரிராணி.

தலைமையாசிரியையின் வலது கை தோள்வரை எழுந்து, அங்கேயே கொஞ்சம் யோசித்து, பிறகு முழுக்க உயர்ந்தது. அவ்வளவுதான், வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. பிரேமலதாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எம்மா, நான் அந்தத் தைலக்குழாயையெல்லாம் புடுங்கி வச்சிருக்கேனே" என்றார். முந்தின நாள் அதிலொன்றை எடுத்து அவரே இரண்டு இழுப்பு இழுத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

சிரிப்பு அடங்கியதும் மேரிராணி ஒரு காரியம் செய்தார். சாக்கட்டியை எடுத்துப் பலகையில் தன் செல் நம்பரைப் பெரிதாக எழுதினார். "எல்லாரும் எழுதிக்கோங்க. எதையாவது விடணும்னு இருக்கு, முடியல, யாருட்டச் சொல்லன்னு தெரியலன்னா எங்கிட்டச் சொல்லலாம். பேரு சொல்ல வேண்டாம். ஒருத்தர் விடாம எழுதுங்க. தேவைப்படாதவியளும் எழுதுங்க." எழுதி முடித்த பிறகும் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை. நோட்டுகள் புரளும் சத்தம், பேனா கீறும் சத்தம் எல்லாம் ஓயும்வரை பலகையைப் பார்த்தபடியே நின்றார். திரும்பினால் ஏதாவது ஒரு முகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காத மாதிரி இருப்பது கஷ்டம்.

அறைக்குத் திரும்பியதும் பிரேமலதா டிராயரைத் திறந்து, தைலக்குழாய்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பியூனிடம் அள்ளிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மூக்கடைப்பு விடும்வரை உறிஞ்சினார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பலகையில நம்பர் எழுதுனியே, அது யாருக்கு?"

"சளி பிடிச்சவியளுக்கு டீச்சர்."

"வெளையாடாத மேரிராணி. சிரிச்சதெல்லாம் சரி. நெசமாவே யாரோ இருக்காவ, இல்லன்னா நீ இப்படி எழுதிப்போட மாட்ட. நான் டி.சி. தரல. அடிக்க மாட்டேன். வையக்கூட மாட்டேன். எம்பிள்ளல்லா அது, எனக்கும் கவல இருக்காதா? யாருன்னு தெரிஞ்சா நான் பாத்துக்கிடுவேன்." கையை நீட்டினார். "ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தந்துருதேன்."

அந்தக் குரலில் பொய் இல்லை. மிரட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் மேரிராணிக்கு. நீட்டிய கையையும் சிவந்த மூக்கையும் பார்த்தார். கக்கத்திலிருந்து கவரை எடுத்தார். பிரேமலதாவின் விரல்கள் அதற்காக விரிந்தன.

"டீச்சர், ஒங்களுக்கு டீ வந்துருச்சாம், ஆறிப்போயிரும்" என்று சொல்லிக்கொண்டே, எதிரிலிருந்த நாற்காலியில் கவரைப் போட்டு, சேறு படாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்தார் மேரிராணி.